நாய் குறுக்கே வரவில்லை

மூன்று மாதமாக இந்தப் பக்கம் நான் வரவில்லை. வழக்கமாகப் படிக்கிற நண்பர்கள் சிலர் போனில் கூப்பிட்டு, "என்ன சார், சுகமில்லையா?" என்று கேட்டார்கள். "வேலை கொஞ்சம் அதிகம்" என்று சொல்லிவைத்தேன். ரிட்டயர் ஆன வாத்தியாருக்கு அப்படி என்ன வேலை என்று, மரியாதைக்காக, யாரும் திருப்பிக் கேட்கவில்லை. உண்மை என்னவென்றால், எழுத உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறேன். நாலு வரி எழுதியிருப்பேன். ஐந்தாவது வரி பாதியில் கோணலாகக் கீழே இறங்கி நோட்டின் ஓரத்தில் போய் நிற்கும். கண் விழித்துப் பார்த்தால் காபி ஆறி ஆடை படிந்திருக்கும்.

எனக்கு நடுக்குவாதம் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். பார்க்கின்சன் நோய் என்று 2017-ல் மதுரையில் ஒரு நரம்பியல் டாக்டர் பெயர் சொன்னார். அப்போது எனக்கு வயது 63. அதைப் பற்றி முன்பு ஒரு முறை எழுதியும் இருக்கிறேன். வலது கை நடுங்குவது, கையெழுத்து எறும்பு வரிசை மாதிரி சிறுத்துப்போனது, சட்டைப் பித்தானைப் போட ஐந்து நிமிஷம் ஆவது எல்லாம் சொல்லியிருந்தேன். தூக்கத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. கை நடுக்கம் ஊருக்குத் தெரியும். தூக்கம் வீட்டுக்குள் இருக்கிற சங்கதி. அதில் வெளியே சொல்லக் கூச்சப்பட்டவை இரண்டு மூன்று உண்டு. இன்று அவற்றைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ராத்திரிக் கதை.

2006-ம் வருஷம் என்று நினைவு. நான் அப்போது திருச்சுழிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியர். கையில் நடுக்கம் எதுவும் கிடையாது. ஒரு நாள் ராத்திரி கனவில் எங்கள் ஊர்க்காட்டுச் சோளப் பயிருக்குள் பன்றி இறங்கிவிட்டது. கம்பை எடுத்துக்கொண்டு விரட்டுகிறேன். அது திரும்பி என் மேலே பாய வருகிறது. ஓங்கி ஓர் அடி வைத்தேன். விழித்தபோது என் மனைவி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி வளையல் இரண்டு உடைந்து மெத்தையில் கிடந்தது.

"யாரப் போட்டு இந்த அடி அடிக்கிறீங்க?" என்றாள்.

"பன்னிய" என்றேன்.

சிரித்துவிட்டுப் படுத்தோம். காலையில் கன்னம் வீங்கியிருந்தது. பால்காரம்மா கேட்டதற்கு, "ராத்திரி கரண்ட் இல்ல, கதவு நிலையில இடிச்சுக்கிட்டேன்" என்று என் மனைவி சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது. பகலில் ஒரு நாளும் அவள் மேல் நான் கை ஓங்கியதில்லை. 'வாத்தியார் பெண்டாட்டியை அடிக்கிறார்' என்று தெருவில் பேச்சு வந்துவிடக் கூடாது என்பதற்காக அவள் சொன்ன பொய் அது. அதற்குப் பிறகு எத்தனையோ முறை அந்த நிலைக்கதவின் மேல் பழி விழுந்திருக்கிறது.

மாதத்துக்கு ஒரு தடவை வந்தது, வாரத்துக்கு ஒரு தடவை ஆனது. கத்துவேன், காலால் உதைப்பேன். ஒரு முறை கட்டிலிலிருந்து பாய்ந்து ஸ்டூலில் மோதி நெற்றியில் மூன்று தையல். மாமியார் காத்துக்கருப்பு என்றார். திருநீறு போட்டு மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். நானோ ராத்திரிச் செய்தி பார்ப்பதை நிறுத்தினேன். டாக்டரிடம் போகலாம் என்று இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. போய் என்னவென்று சொல்வது, கனவில் பன்றி வருகிறது என்றா?

திருச்சுழிப் பக்கம் வேலை பார்த்த எந்த வாத்தியாருக்கும் ரமண மகரிஷியின் சிறு வயதுக் கதைகள் தெரிந்திருக்கும். 1879 டிசம்பர் 30-ல் அந்த ஊரில் பிறந்தவர். அப்போது பெயர் வெங்கட்ராமன். சின்ன வயதில் அவருடைய தூக்கம் பேர்போனது. திண்டுக்கல்லில் உறவினர் வீட்டில் இருந்தபோது, எல்லோரும் வெளியே போன நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிவிட்டாராம். திரும்பி வந்தவர்கள் தட்டியும் கத்தியும் எழவில்லை. எப்படியோ கதவைத் திறந்து உள்ளே போய் உலுக்கினாலும் எழவில்லை. பகலில் அவரிடம் வம்புக்குப் போகப் பயந்த பையன்கள், தூங்கும்போது தூக்கிக்கொண்டு போய் அடித்துவிட்டு மறுபடி கொண்டுவந்து படுக்க வைத்துவிடுவார்களாம். காலையில் அவருக்கு ஒன்றும் தெரியாது. வகுப்பில் இந்தக் கதையை நான் பல முறை சொல்லியிருக்கிறேன். அவர் அடி வாங்கியது தெரியாமல் தூங்கினார். நான் அடி கொடுத்தது தெரியாமல் தூங்கினேன். என்னுடையது நோய் என்று எனக்குத் தெரியப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆனது.

அடுத்தது பகல் கதை. இதில்தான் என் பொய் வருகிறது.

நோய் தெரிந்து நாலைந்து வருஷம் லெவோடோபா மாத்திரையில் வண்டி ஓடியது. பிறகு அது மட்டும் போதாமல் பிரமிபெக்சோல் என்று ஒன்றைச் சேர்த்தார் டாக்டர். சேர்க்கும்போதே, "ஐயா, இது சில பேருக்குப் பகல்ல தூக்கத்தக் கொடுக்கும். அப்படி இருந்தா உடனே எனக்குச் சொல்லணும். வண்டி ஓட்டக் கூடாது" என்று தெளிவாகச் சொன்னார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

கொஞ்ச நாளில் பகல் தூக்கம் ஆரம்பித்தது. பேப்பர் படிக்கையில் தூக்கம். டிவி முன்னால் தூக்கம். கல்யாண வீட்டுப் பந்தியில் இலை போட்டுச் சோறு வருவதற்குள் தூக்கம். பக்கத்தில் இருப்பவர் இடித்து, "சார், சாம்பார்" என்பார். கும்பகர்ணன் என்று உறவில் கேலி. "வயசாச்சுன்னா அப்படித்தான்" என்று எனக்கு நானே சமாதானம். டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் வண்டிச் சாவியை வாங்கிவிடுவார்களே! என்னுடைய எக்ஸ்எல் வண்டி ஒன்றுதான் நான் இன்னும் ஆள் என்பதற்கு அத்தாட்சி. சட்டைப் பையில் சாவி இருக்கும்வரை நான் நோயாளி இல்லை என்று ஒரு நினைப்பு.

இந்த ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருச்சுழி ரோட்டில் எங்கள் பூர்வீக ஊருக்குப் பேரனைக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டாம் வகுப்புப் படிக்கிறான். தங்கை வீட்டில் சாப்பாடு. மத்தியானம் இரண்டரை மணிக்குத் திரும்பினோம். பேரன் முன்னால் நின்றுகொண்டு வருகிறான். ஆடிக் காற்று புழுதியை வாரி அடிக்கிறது. ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லை. எனக்குக் கொட்டாவி வரவில்லை, கண் எரியவில்லை. ஒரு மைல்கல்லைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்து நான் பார்த்தது மண்.

வண்டி ரோட்டை விட்டு இறங்கி, கோடை உழவு போட்டிருந்த கரிசல் காட்டுக்குள் போய்ச் சாய்ந்திருந்தது. புழுதிக் கட்டிகள் தாங்கிக்கொண்டதால் பிழைத்தோம். பத்தடி முன்னாலோ பின்னாலோ இறங்கியிருந்தால் பாலத்துச் சுவர். பேரனுக்கு முழங்காலில் சிராய்ப்பு. அழவில்லை. எழுந்து நின்று என்னைப் பார்த்து, "தாத்தா, ஏன் கண்ண மூடிட்டீங்க?" என்று கேட்டான்.

நான் பதில் சொல்லவில்லை. அவன் முழங்காலைத் துடைத்தேன். வண்டியை நிமிர்த்த என்னால் முடியவில்லை. அந்த வழியாக ஆடு பத்திக்கொண்டு வந்தவர் தூக்கிக் கொடுத்தார். அவர் "என்னாச்சுங்கய்யா?" என்றபோதுதான் முதல் முறை என் வாயிலிருந்து அது வந்தது: "நாய் குறுக்க வந்துருச்சுப்பா."

வீட்டுக்குப் போனதும் மருமகள் பதறிக்கொண்டு ஓடிவந்தாள். "என்ன மாமா ஆச்சு?"

"நாய் குறுக்க வந்துருச்சும்மா."

சொல்லிவிட்டு என்னை அறியாமல் பேரனைப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். பிறகு அம்மாவிடம் திரும்பி, "ஆமாம்மா, கறுப்பு நாய்" என்றான்.

நாயின் நிறத்தை நான் சொல்லவில்லை. என் பொய்க்கு அவனாகவே நிறம் கொடுத்தான். 'பொய் சொல்லாதே' என்று 34 வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டவன், ஏழு வயதுப் பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்றுக் கொடுத்துவிட்டேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பகலெல்லாம் கேட்காமல் வருகிற தூக்கம் அன்றைக்கு வரவே இல்லை.

படுத்துக் கிடக்கையில் ஒரு பையன் நினைவுக்கு வந்தான். தொண்ணூறுகளில் என்னிடம் எட்டாம் வகுப்புப் படித்தவன். இரண்டாவது பீரியடுக்கு மேல் தாங்க மாட்டான், தலை சாய்ந்துவிடும். பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்துவேன். நின்றபடியே கண் சொருகும். 'தூங்குமூஞ்சி' என்று பட்டப்பெயர் வைத்தவனே நான்தான். வகுப்பே அப்படிக் கூப்பிட்டது. அவன் அப்பா சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர். மூட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: விறகை அடுக்கி, மேலே தழையும் ஈர மண்ணும் போட்டு மூடி, உள்ளே தீயைக் கனிய விட வேண்டும். நாள் கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும். எங்காவது மண் வெடித்துக் காற்று புகுந்தால் அத்தனையும் எரிந்து சாம்பல்தான். அதனால் ராத்திரி முழுக்க யாராவது விழித்திருந்து வெடிப்பை மண் போட்டு அடைக்க வேண்டும். அந்த 'யாராவது' இந்தப் பையன்தான் என்று வேறொரு பிள்ளை சொல்லித் தெரிந்தது. தெரிந்த பிறகும் அந்தப் பட்டப்பெயரை நான் திரும்பப் பெறவில்லை. தூக்கம் என்பது ஒழுங்கு சம்பந்தப்பட்டது என்றுதான் அப்போது நம்பினேன். நல்ல பிள்ளை விழித்திருக்கும், சோம்பேறி தூங்குவான். அவ்வளவுதான் என் கணக்கு.

இரண்டு வாரம் கழித்து மதுரைக்கு டாக்டரைப் பார்க்கிற முறை வந்தது. மகனும் மனைவியும் கூட வந்தார்கள். வழக்கமாக டாக்டர் என்னைத்தான் கேட்பார். அன்றைக்கு ஏதோ தோன்றி, "அம்மா, ஐயா ராத்திரி எப்படித் தூங்குறாங்க?" என்று என் மனைவியிடம் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பன்றியில் ஆரம்பித்தாள். பதினேழு வருஷக் கதையையும் சொன்னாள். வளையல், கன்னம், கயிறு, நிலைக்கதவு, ஸ்டூல் எல்லாம். மகன் வாயடைத்து உட்கார்ந்திருந்தான். பெற்ற பிள்ளைக்கே அன்றுதான் தெரியும்.

டாக்டர் சிரிக்கவில்லை. பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னதை எங்கள் ஊர் பாஷையில் சொல்கிறேன். கனவு காண்கிற தூக்கத்துக்கு ரெம் தூக்கம் என்று பெயர். அந்த நேரத்தில் மூளை, கை கால்களுக்குப் போகிற மடையை அடைத்துவிடும். மூச்சு ஓடும், இமைக்குள் கண் உருளும், மற்றபடி உடம்பு கட்டிப்போட்ட மாதிரி கிடக்கும். அதனால் கனவில் ஓடினாலும் நாம் கட்டிலில்தான் இருக்கிறோம். மடைப்பலகை இற்றுப்போனால் தண்ணீர் வயலுக்குப் பாய்கிற மாதிரி, கனவில் ஓங்குகிற கை நிஜத்திலும் ஓங்கும். யாரோ, ஏதோ தாக்க வருகிற மாதிரிதான் பெரும்பாலும் கனவு வருமாம். இதை ஒரு தனி நோயாக 1986-ல் எழுதியவர்கள் அமெரிக்காவில் மினசோட்டாவைச் சேர்ந்த ஷெங்க், மஹோவால்ட் என்ற இரண்டு டாக்டர்கள். இந்தக் கோளாறு இருந்த 29 ஆண்களைத் தொடர்ந்து பார்த்ததில் 11 பேருக்குப் பிற்பாடு பார்க்கின்சன் தன்மையுள்ள நோய் வந்தது என்று 1996-ல் அவர்களே சொன்னார்கள். இன்னும் பல வருஷம் கவனித்தபோது நடுக்குவாதமோ மறதி நோயோ வந்தவர்களின் கணக்கு முக்கால் பங்கைத் தாண்டிவிட்டது.

அதாவது, கை நடுங்குவதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே நோய் என் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது. நாங்கள் பன்றி என்று நினைத்தோம். முன்பே தெரிந்திருந்தாலும் நோயை வராமல் தடுக்க இன்றைக்கு மருந்து கிடையாது என்றும் டாக்டர் சொன்னார். ஆனால் என் மனைவி அத்தனை அடி வாங்கியிருக்க வேண்டாம்.

பிறகு பகல் தூக்கத்துக்கு வந்தார். "எட்டுக் கேள்வி கேட்பேன். தூக்கமே வராதுன்னா பூஜ்யம், கட்டாயம் வரும்னா மூணு. நடுவில ஒண்ணு, ரெண்டு." 1991-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் மர்ரே ஜான்ஸ் என்ற டாக்டர் போட்ட கேள்வித்தாள் அது, எப்வொர்த் அளவுகோல் என்று பெயர். உலகம் முழுக்க இன்றும் அதைத்தான் கேட்கிறார்களாம்.

உட்கார்ந்து படிக்கும்போது? மூன்று. டிவி பார்க்கும்போது? மூன்று. பொது இடத்தில், கூட்டத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது? இரண்டு. ஒரு மணி நேரம் தொடர்ந்து வண்டியில் பயணம் போகும்போது? அருப்புக்கோட்டையில் ஏறினால் மதுரையில்தான் கண் திறப்பேன், மூன்று. மத்தியானம் படுத்தால்? மூன்று. ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது? ஒன்று. சாப்பிட்டுவிட்டு அமைதியாக உட்கார்ந்தால்? மூன்று.

எட்டாவது கேள்வி: "வண்டியில இருக்கீங்க. ரோட்டுல நெரிசல், ரெண்டு நிமிஷம் வண்டி நிக்குது. அப்ப?"

ரயில்வே கேட் முன்னால் நிற்கிற மாதிரி நினைத்துப் பார்த்தேன். பூஜ்யம் என்று சொல்ல வாய் வந்தது. அதற்குள் என் மனைவி, "நிக்கும்போது என்னங்க டாக்டர், ஓடும்போதே தூங்கிட்டாரு" என்றாள்.

அவளுக்கு எப்படித் தெரியும்? அன்று ராத்திரியே பேரன் பாட்டியின் பக்கத்தில் படுத்துக்கொண்டு, காதோடு காதாகச் சொல்லியிருக்கிறான். "அம்மாகிட்ட சொல்லாத பாட்டி, தாத்தாவத் திட்டுவாங்க." இரண்டு வாரமாக அவள் அதை மனதில் வைத்துக்கொண்டு, வண்டிச் சாவியை ஏதாவது காரணம் சொல்லி ஒளித்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பெட்ரோல் இல்லை, சாவியைக் காணோம், டயரில் காற்று இல்லை என்று தினம் ஒன்று. நானும் அதையெல்லாம் நம்பியிருக்கிறேன்.

எட்டாவது கேள்விக்கு இரண்டு போட்டார். மொத்தம் 24-க்கு 20. பத்துக்கு மேல் போனாலே அதிகத் தூக்கம் என்று கணக்காம். பரீட்சையில் நல்ல மார்க் வாங்கித் தலை குனிந்தது வாழ்க்கையில் அது ஒரு தடவைதான்.

மகனிடம் அங்கேயே சொன்னேன். "நாய் ஒண்ணும் குறுக்க வரலப்பா. நான்தான் தூங்கிட்டேன்." அவன் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "விடுங்கப்பா" என்றான். அவன் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. நண்பர் ஒருவர் சொன்னார் என்று பூனைக்காலி விதைப் பொடியை ஆறு மாதமாகப் பாலில் கலந்து குடித்துவந்தேன். டாக்டருக்குத் தெரியாது. பூனைக்காலி வெறும் நம்பிக்கை அல்ல. அந்த விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்து 1937-லேயே சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இரண்டு விஞ்ஞானிகள் எழுதியிருக்கிறார்கள். நடுக்குவாதத்துக்கு அது மருந்தாக வந்தது அதற்கும் இருபது வருஷத்துக்கு மேல் கழித்து. "அதனாலதாங்க ஐயா ஆபத்து" என்றார் டாக்டர். "ஒரே மருந்த மாத்திரையில அளந்து நான் கொடுக்கிறேன், பாலில அளக்காம நீங்க போட்டுக்கிறீங்க. அப்புறம் எது தூக்கத்தக் கொடுக்குதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?" பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

பகல் தூக்கத்துக்குக் காரணம் ஒன்றல்ல. டோபமின் சுரக்கும் செல்கள் அழிவதோடு இந்த நோய் நிற்பதில்லை. தூக்கத்தையும் விழிப்பையும் நடத்துகிற இடங்களையும் அது அரிக்கிறது. ராத்திரித் தூக்கம் கெட்டால் பகலில் ஈடு கட்டும். சாப்பிட்டதும் ரத்த அழுத்தம் இறங்கினாலும் அசத்தும். மனச்சோர்வும் சேரும். அதோடு மருந்து. பிரமிபெக்சோல், ரோபினிரோல் வகை மாத்திரை சாப்பிட்ட எட்டுப் பேர் வண்டி ஓட்டுகையில் தூங்கி விபத்தில் மாட்டிய செய்தி 1999-ல் அமெரிக்காவிலிருந்து வந்த பிறகுதான் உலகம் விழித்துக்கொண்டது. அவர்களில் சிலர் தூக்கம் வருவதற்கான அறிகுறியே இல்லாமல் தூங்கியிருக்கிறார்கள். அந்த மைல்கல்லும் மண்ணும் எனக்குப் புரிந்தது.

இந்த நோய்க்குப் பெயர் கொடுத்த ஜேம்ஸ் பார்க்கின்சன் லண்டனில் சாதாரண வைத்தியர். 1817-ல் ஆறு பேரைப் பற்றி மட்டும் எழுதினார். அதிலும் சிலர் தெருவில் அவர் கண்ணில் பட்டவர்கள். அந்தச் சின்னப் புத்தகத்திலேயே ராத்திரித் தூக்கம் கெடுவதும் கடைசிக் காலத்தில் ஓயாத அசதித் தூக்கம் வருவதும் இருக்கின்றன. இருநூறு வருஷத்துக்கு முன்பே எழுதிவைத்த சங்கதிக்கு நான் வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டிருந்தேன்.

இப்போது என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன். இது எனக்குச் சொன்ன வைத்தியம். உங்களுக்கு உங்கள் டாக்டர் சொல்வதுதான்.

பிரமிபெக்சோலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். ஒரேயடியாக நிறுத்தினால் வேறு தொல்லைகள் வருமாம், நாமாக நிறுத்தவே கூடாது. பகல் லெவோடோபாவின் அளவை மாற்றி, ராத்திரிக்கு மெதுவாகக் கரைகிற மாத்திரை ஒன்று கொடுத்தார். சாப்பாட்டுக்கு அரை மணிக்கு முன்பே மாத்திரை; பருப்பும் முட்டையும் அதோடு போட்டி போடுமாம். கனவுக்கு மெலடோனின். அது கேட்காவிட்டால் குளோனாசெபாம் இருக்கிறது, ஆனால் வயதானவர்களைத் தள்ளாட வைத்து விழ வைக்கும் என்பதால் அது பிறகு பார்க்கலாம் என்றார்.

கட்டிலை எடுத்துவிட்டு மெத்தையைத் தரையில் போட்டோம். பக்கத்தில் இருந்த ஸ்டூல், கண்ணாடி ஜாடி எல்லாம் வெளியே. என் மனைவி கை எட்டாத தூரத்தில் தனிக் கட்டிலில் படுக்கிறாள். நாற்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு தனிக் கட்டில். முதல் ராத்திரி இரண்டு பேருக்குமே ஒரு மாதிரி இருந்தது.

நடுச்சாமத்தில் மருந்து வடிந்ததும் என்னால் புரண்டு படுக்க முடியாது. மல்லாந்தால் மல்லாந்தபடிதான். அவள்தான் எழுந்து திருப்பிவிடுவாள். எங்கள் ஊர் தறி ஊர். பருத்தி விரிப்புக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் பருத்தி உடம்பைப் பிடித்துக்கொள்கிறது. வழுக்குகிற துணியை இடுப்புக்குக் கீழே விரிக்கச் சொன்னார் டாக்டர். என் மனைவி பீரோவைத் திறந்து, ஜரிகை போன பழைய பட்டுச்சேலை ஒன்றை எடுத்து விரித்தாள். இப்போது பாதி நாள் நானாகவே புரண்டுகொள்கிறேன். அந்த நாட்களில் அவளும் விடியும்வரை தூங்குகிறாள். ஒன்றுக்குப் போக எழுந்தால், கால் தொங்கப்போட்டு ஒரு நிமிஷம் உட்கார்ந்து பிறகுதான் நிற்க வேண்டும். உட்கார வசதியாகப் பக்கத்திலேயே ஒரு கைவைத்த நாற்காலி போட்டிருக்கிறோம்.

பகலில், காலை வெயில் உடம்பில் படும்படி அரை மணி நடை. மத்தியானம் சாய்வு நாற்காலியில் அரை மணி தூக்கம். அலாரம் வைப்பது பேரன் பொறுப்பு. நாலு மணிக்கு மேல் காபி கிடையாது. தூக்கம் முழுக்கப் போய்விட்டதா? இல்லை. போன மாதம் அதே கேள்வித்தாளில் 13 வாங்கினேன். கையும் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக நடுங்குகிறது. ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க முடியும் போலிருக்கிறது.

வண்டியை விற்றுவிட்டேன். மதுரையிலிருந்து வந்த அன்றே பேரனைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். "நாய் வரலடா. தாத்தா தூங்கிட்டேன். தப்பு தாத்தா மேல. நீ அம்மாகிட்ட அப்படிச் சொன்னதும் என்னாலதான். இனிமே யாருக்காகவும் அப்படிச் சொல்லாத." அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். பெரிதாக ஏதோ சொல்லப்போகிறான் என்று பார்த்தேன். "அப்ப நாம எதில தாத்தா ஊருக்குப் போறது?" என்று கேட்டான்.

டவுன் பஸ்ஸில் போகிறோம். என் மனைவிக்கு டிக்கெட் இல்லை, எனக்கு மட்டும் காசு. அதில் அவளுக்கு ஒரு பெருமை.

படிக்கிறவர்களில் பெரும்பாலோர் என் வயதுக்காரர்கள். அதனால் சொல்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது தூக்கத்தில் கத்தினால், உதைத்தால், கயிறு கட்டுவதோடு விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள். அப்படிக் கத்துகிறவர்களுக்கெல்லாம் நடுக்குவாதம் வரும் என்று அர்த்தமில்லை, பயப்படவும் வேண்டாம். பக்கத்தில் படுப்பவர் அடி வாங்காமல் இருக்கலாம், அதுவே பெரிது. நடுக்குவாதம் இருக்கிறவர் பகலில் தூங்கி விழுந்தால் கேலி செய்யாதீர்கள், அது சோம்பல் இல்லை. அவர் கையில் வண்டிச் சாவி இருந்தால் மட்டும் இரக்கம் பார்க்காமல் வாங்கிவிடுங்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது கூடப் படுக்கிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். தூங்குகிறவனுக்குத் தன் தூக்கத்தைப் பற்றி என்ன தெரியும்?

அந்தக் கரிமூட்டத்துப் பையன் இப்போது எங்கே இருக்கிறானோ தெரியாது. நாற்பதைத் தாண்டியிருப்பான். யாராவது ஒருவர் மூலம் இது அவன் காதுக்கு எட்டினால், அந்தப் பட்டப்பெயர் இப்போது வாத்தியாருக்குத்தான் என்று தெரிந்துகொள்ளட்டும்.

போன வாரம் தங்கை வீட்டுக்குப் போனோம். புரட்டாசியில் விதைத்த பருத்தி, ஐப்பசி மழைக்கு முளைத்திருக்கும். வண்டி இறங்கிய அந்தக் காட்டைப் பார்க்க வேண்டும் என்று பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். நன்றாக முளைத்து நாலு இலை விட்டிருக்கிறதாம். இறங்கிய பிறகு என் மனைவி சொன்னாள்.